கயானாக்காரருக்கு நான் கட்டிய வாடகை

பொய் சொல்லத் தைரியம் வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். சுத்தப் பேத்தல். பயம் இருந்தால் போதும். தைரியமாக நான் சொன்ன பொய் என் ஆயுளில் ஒன்றுகூடக் கிடையாது. எல்லாம் பயத்தில், வேறு வழி தெரியாமல் உளறியவை. அவற்றில் மிகப் பெரியதை மலாக்காவில், காஜா பேராங்கில், ஒரு அம்மாளின் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு இரண்டு மொழிகளில் ஒரே மூச்சில் சொன்னேன். அதன் பலனாக, கரீபியன் கடல் பக்கத்திலிருந்து வந்த ஒருவருக்கு ஐந்து மாதம் நான் வீட்டு வாடகை கட்டினேன். அவர் கேட்கவில்லை. நான் கட்டுவது அவருக்குத் தெரியவும் தெரியாது.

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த மறு வருஷம். எனக்கு இருபத்து மூன்று வயது. அரசாங்கப் பல் மருத்துவமனை ஒன்றில் கிராணி வேலை. கிராணி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். வருகிறவர்கள் பெயரை எழுதுவது, நம்பர் கொடுப்பது, கடிதம் டைப் அடிப்பது, உள்ளேயிருந்து அலறல் கேட்டால் வெளியே காத்திருப்பவர்கள் ஓடிவிடாமல் பார்த்துக்கொள்வது, அவ்வளவுதான். சம்பளம் நூற்றுப் பத்து வெள்ளி. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அது நிரந்தரமாகாமல் செமாபோக்கில் இருந்த சாரதா எனக்குக் கிடைக்கமாட்டாள். பெண் கேட்டுப் போன அன்றே அவளுடைய அப்பா முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்.

"தம்பி, கோவிச்சுக்காதீங்க. கவர்மெண்டுக்கே உங்க மேல நம்பிக்கை வரலேன்னா எனக்கு எப்படி வரும்? வேலை கன்பர்ம் ஆன லெட்டரக் கொண்டாந்து காட்டுங்க. மறுநாளே தேதி வெச்சிடலாம்."

அந்த லெட்டருக்கு வேண்டியது ஒரே ஒரு கையெழுத்து. புதிதாக வரப்போகும் பல் டாக்டர் ஆறு மாதம் என்னைக் கவனித்துவிட்டு ரகசிய அறிக்கை எழுத வேண்டும். ஆகவே அவர் கப்பல் ஏறும் முன்பே எனக்கு அவர்மேல் பயம் வந்துவிட்டது. வெளிநாட்டு ஆபீசர், பிரிட்டிஷ் கயானா, லண்டனில் படித்தவர் என்று கடிதத்தில் போட்டிருந்தது. பெயர் டாக்டர் வீராசாமி. யாரோ தப்பாக டைப் அடித்துவிட்டார்கள் என்று நினைத்தேன். (வெள்ளைக்காரனுக்கு எந்த அம்மா வீராசாமி என்று பேர் வைப்பாள்?)

வந்து இறங்கியவரைப் பார்த்தால் என் பெரியப்பா மகன் மாதிரி இருந்தார். அதே கறுப்பு, அதே மூக்கு. எங்கள் அட்டெண்டர் முத்தையா அண்ணன் ஓடிப்போய்ப் பெட்டியை வாங்கிக்கொண்டு, "வாங்க சார், பசியாறிட்டீங்களா?" என்றார். டாக்டர் அழகாகச் சிரித்து, ஒரு சொல்லும் புரியவில்லை என்று இங்கிலீஷில் சொன்னார். அந்த இங்கிலீஷ் ஒரு பாட்டு மாதிரி ஏறி ஏறி இறங்கியது. அவருடைய பாட்டனாருக்குப் பாட்டனாரை மதராஸ் பக்கத்திலிருந்து கரும்புத் தோட்டத்துக்கு ஏற்றிப் போனார்களாம். போன இடத்தில் தமிழ் கரைந்துபோய்ப் பெயர் மட்டும் மிச்சம்.

முதல் வாரமே என்னைக் கூப்பிட்டார். அரசாங்க வீடு காலியில்லை, தனக்கு ஒரு வாடகை வீடு பிடித்துத் தர வேண்டும் என்று இங்கிலீஷில் சொன்னார்.

"வாடகைக்குன்னு கவர்மெண்ட் தர்ற படி எண்பது வெள்ளி. அதுக்கு மேல ஒரு காசு என்கிட்ட இல்ல. இன்னும் ரெண்டு மாசத்துல என் பெண்டாட்டியும் மகளும் வந்துடுவாங்க. ஓட்டல்ல வெச்சிருக்க எனக்கு வசதி கிடையாது."

இதில் என்ன கஷ்டம் என்று கிளம்பினேன். செமாபோக்கில் எழுபது வெள்ளிக்கு ஒரு வீடு இருந்தது. "வெளிநாட்டு ஆபீசருக்கு" என்று பெருமையாகச் சொன்னேன். அடுத்த நிமிஷம் அது நூற்றைம்பது ஆகிவிட்டது. உஜோங் பாசிரில் ஒரு தவுக்கே, அதாவது சீன முதலாளி, நான் கெஞ்சிக் கூத்தாடியதில் எண்பதுக்குச் சம்மதித்தார். சாயங்காலம் டாக்டரை அழைத்துக்கொண்டு போனால், அந்த மனிதர் டாக்டரின் தோளுக்குப் பின்னால் எட்டி எட்டிப் பார்த்தார். துரை எங்கே என்று கேட்டார். இவர்தான் என்றேன். வீடு நேற்றே வேறு ஆளுக்குப் போய்விட்டது என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். இப்படியே இன்னும் இரண்டு வீடு.

திரும்பி வரும்போது டாக்டர் சொன்னார்: "கடிதத்துல நான் வெள்ளைக்காரன், அதனால ரெண்டு மடங்கு வாடகை. வாசல்ல நான் கூலிக்காரன், அதனால வீடே கிடையாது. நடுவுல ஒருத்தன் இருக்கானே, அவனுக்கு இந்த ஊர்ல யாரும் வீடு கட்டலையா?" சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்கு அவமானமாக இருந்தது. அது என் ஊர். அப்புறம் சிரிக்காமல் ஒன்று சொன்னார்: வெள்ளிக்கிழமைக்குள் வீடு அமையவில்லை என்றால் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்குத் திரும்பிவிடுவார். அவர் போனால் என் அறிக்கையும் போகும். அடுத்த டாக்டர் எப்போது வருவாரோ. அதுவரை மகளை வைத்துக்கொண்டு காத்திருக்க சாரதாவின் அப்பாவுக்கென்ன தலையெழுத்தா?

வியாழக்கிழமைதான் பிபிக் மீனாச்சியைப் பற்றி முத்தையா அண்ணன் சொன்னார். பிபிக் என்றால் அந்தப் பக்கத்தில் வயதில் மூத்த அம்மாளை மரியாதையாகக் கூப்பிடுவது. காஜா பேராங்கில் மலாக்காச் செட்டி சமூகத்தார் இருக்கும் தெருவில் அவர் வீடு. பல நூறு வருஷத்துக்கு முன் தமிழகக் கரையிலிருந்து வந்து தங்கிவிட்டவர்கள். நெற்றியில் விபூதி, வீட்டில் மாரியம்மன், இடுப்பில் சாரோங், பேச்சு மட்டும் மலாய். பிபிக்கின் வீட்டை ஒட்டி அவருக்கே இன்னொரு சின்ன வீடு காலியாக இருந்தது. வாசலில் மாவிலை, உள்ளே சிமெண்டுத் தரை, பின்னால் கிணறு. பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது, அவ்வளவு நல்ல வீடு. இது கைவிட்டுப் போய்விடுமோ என்ற பயத்தில் அளந்துவிட்டேன்.

"பெரிய ஆபீசர், பிபிக். லண்டன் படிப்பு. துரை மாதிரி."

வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றிக்கொண்டு பிபிக் சொன்னார்: "துரை மாதிரின்னா வாடகையும் துரை மாதிரிதான். நூற்றிருபது."

நான் தலையாட்டினேன். பயம் வந்தால் என் தலை தானாக மேலும் கீழும் ஆடும். பக்கவாட்டில் ஆட அதற்குத் தெரியாது.

(ஒரு விஷயம். பிபிக் பேசியது மலாய், டாக்டர் பேசியது இங்கிலீஷ். இரண்டையும் நான் என் தமிழில்தான் எழுதுகிறேன். என் மொழிபெயர்ப்பை நம்பி அன்றைக்கு இரண்டு பேர் கெட்டார்கள். நீங்களும் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருங்கள்.)

வெள்ளிக்கிழமை காலை டாக்டரைக் கூட்டிக்கொண்டு போனேன். இந்தப் பக்கம் பிபிக், அந்தப் பக்கம் டாக்டர், நடுவில் நான். ஒருவர் பேசுவது மற்றவருக்குத் தெரியாது.

"வீடு பிடிச்சிருக்கு. எண்பதுன்னு சொல்லு" என்றார் டாக்டர்.

நான் பிபிக் பக்கம் திரும்பினேன். எண்பது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், சத்தியமாக. பிபிக் புருவத்தைத் தூக்கினார். என் வாயிலிருந்து வேறொன்று வந்தது.

"வீடு ரொம்பப் பிடிச்சிருக்காம். நூற்றிருபது மலிவுன்னு சொல்றார்."

பிபிக்கின் முகம் மலர்ந்தது. டாக்டர் ஆவலாக என்னைப் பார்த்தார். "எண்பது சரியாம், சார்" என்றேன். அவருடைய முகமும் மலர்ந்தது. இருவரும் என்னைத் தாண்டிக் கைகுலுக்கிக்கொண்டார்கள். நாளைக்கு எப்படியாவது சரிசெய்துவிடலாம் என்று என் மனசுக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அப்போதுதான் டாக்டர் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார். சட்டென்று செருப்பைக் கழற்றினார். "மாரியம்மா!" என்று கையெடுத்துக் கும்பிட்டார். அவர் அம்மா கயானாவில் மாரியம்மனுக்கு வேப்பிலை கட்டிப் பூசை செய்வாராம். பிபிக் அசந்துபோய் எழுந்து நின்றார். "இவர் நம்ம ஆளா? அடப்பாவி, முன்னாலேயே சொல்லக்கூடாதா? அப்படின்னா வாடகை..." என்று ஆரம்பித்தார்.

வாடகை என்ற சொல்லைக் கேட்டதும் நான் குறுக்கே விழுந்தேன். மறுபடி அந்தப் பேச்சை எடுத்தால் நான் தொலைந்தேன். "வாடகையெல்லாம் பேசி முடிச்சாச்சு பிபிக், நல்ல நேரம் போகுது, சாவியைக் கொடுங்க!" என்று அவர் வாயை அடைத்தேன். சாவி கைக்கு வந்தது. அதோடு ஒரு நிபந்தனையும் வந்தது. வீட்டைப் பேசி முடித்தவன் கையால்தான் பிபிக் வாடகை வாங்குவார். அது அவர்கள் வழக்கமாம். நாளைக்கு ஒரு தகராறு என்றால் யார் கழுத்தைப் பிடிப்பது என்று தெரிய வேண்டுமே.

எல்லாவற்றையும் சரிசெய்துவிடலாம் என்று நான் நினைத்த அந்த நாளை வரவேயில்லை. மாதம் பிறந்தால் டாக்டர் எண்பது வெள்ளியை உறையில் போட்டு என்னிடம் கொடுப்பார். நான் கழிவறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டு, என்னுடைய நாற்பதை அதில் வைத்து ஒட்டுவேன். பிபிக் வாங்கி மாரியம்மன் படத்தின் முன்னால் வைத்து, "நல்ல மனுஷன், ஒரு நாள் பிந்தினதில்ல" என்பார். மிச்சமிருந்த எழுபதில் அறை வாடகை, அம்மாவுக்கு மணியார்டர் எல்லாம் போக, மூன்று வேளையும் ரொட்டியும் பால் ஊற்றாத கோப்பியும்தான். கால்சட்டை இடுப்பில் நிற்காமல் சணல் கட்டினேன். காதல் ஏக்கம் என்று சாரதாவின் வீட்டில் பேசிக்கொண்டார்களாம்.

பசியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். டாக்டர் மலாய் கற்றுக்கொள்ள ஆரம்பித்ததைத்தான் தாங்க முடியவில்லை. முதலில் "வாயைத் திற". அப்புறம் "வலிக்கிறதா". ஒரு நாள் உள்ளேயிருந்து அவர் குரல் கேட்டது: "சாத்து, டுவா, தீகா..." நோயாளியின் பல்லை மலாயில் எண்ணிக்கொண்டிருந்தார்! ஒன்று, இரண்டு, மூன்று என்று முப்பத்திரண்டு வரை வந்துவிட்டார். என் கையிலிருந்த நம்பர் சீட்டெல்லாம் தரையில் சிதறியது. பிறகு யோசித்துச் சமாதானப்படுத்திக்கொண்டேன். எட்டையும் பத்தையும் சேர்த்து எண்பது சொல்லத் தெரியலாம். ஆனால் நூறு தெரிய வாய்ப்பில்லை. மனிதனுக்கு நூறு பல் முளைக்காமல் வைத்த மாரியம்மனுக்கு அன்று ஒரு தேங்காய் உடைத்தேன். (தேங்காய்க்காக ஒரு நாள் ரொட்டியைத் துறந்தேன்.)

மனைவியும் மகளும் வந்து சேர்ந்தார்கள். குழந்தைக்கு ஆறு வயது. அந்தக் கிணற்றடியில் அது பிபிக்கோடு ஓடி விளையாடுவதைப் பார்க்கும்போதெல்லாம் என் பயம் இரண்டு மடங்காகும். குட்டு உடைந்தால் இந்தக் குழந்தையும் தெருவுக்கு வந்துவிடுமே! வேலியோரம் டாக்டரும் பிபிக்கும் நின்று பேசுவதைக் கண்டால் சைக்கிளை மிதித்துப் போய் நடுவில் நிற்பேன். ஒரு தடவை வேகத்தில் வேலியோடு சேர்ந்து பிபிக்கின் மிளகாய்ச் செடிமேல் விழுந்தேன்.

"இவனுக்கு எதுக்கு இவ்வளவு அவசரம்?" என்று டாக்டர் கேட்டார்.

"இவனுக்கு எதுக்கு இவ்வளவு அவசரம்?" என்று பிபிக்கும் கேட்டார். அதை மட்டும் இரண்டு பக்கமும் ஒழுங்காக மொழிபெயர்த்தேன்.

ஐந்தாம் மாதம் என் கடைவாய்ப் பல் வலிக்க ஆரம்பித்தது. கன்னம் வீங்கியது. டாக்டரிடம் காட்டப் பயந்து கிராம்பை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு காலையில், முத்தையா அண்ணன் பதறி ஓடி வந்தார்.

"தம்பி, பிபிக் வந்திருக்காங்க லா! பல்லு வலியாம். கன்னத்தப் புடிச்சிக்கிட்டு நிக்கிறாங்க."

கிராம்பைத் துப்பினேன். வாசலுக்கு ஓடினேன். "பிபிக், டாக்டர் லீவு. மூவாருக்குப் போயிருக்கார். அடுத்த வாரம் வாங்க" என்று கைகூப்பினேன்.

என் முதுகுக்குப் பின்னால் கதவு திறந்தது. "அப்பா கபார், பிபிக்!" என்று மலாயில் நலம் விசாரித்துக்கொண்டு டாக்டர் வெளியே வந்தார். பிபிக் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே போனார். கதவு மூடியது.

போகட்டும், டாக்டருக்குப் பல் எண்ணும் மலாய்தான் தெரியும், பிபிக்குக்கு இங்கிலீஷே தெரியாது என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. உள்ளே நர்ஸ் ஆயிஷா இருக்கிறாள்! கான்வென்டில் படித்தவள். மலாயும் இங்கிலீஷும் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. தினமும் நோயாளிகளுக்காக அவள்தான் மொழிபெயர்க்கிறாள். ஐந்து மாதமாக வேலியைக் காவல் காத்த மடையன் இதை எப்படி மறந்தேன்?

இருபது நிமிஷம். உள்ளேயிருந்து அலறல் வரவில்லை. அலறல் வந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். கதவு திறந்தது. பிபிக் வாய் நிறையப் பஞ்சோடு வந்தார். பேச முடியாமல் என்னை நோக்கி ஆள்காட்டி விரலை நீட்டினார். அவர் பின்னால் டாக்டர்.

"உன் கன்னம் வீங்கியிருக்கே. உள்ள வா."

"வேண்டாம் சார், சரியாயிடுச்சு சார்."

"வா."

நாற்காலியில் படுக்க வைத்து, வாயைத் திறக்கச் சொல்லி, ஊசியைப் போட்டார். நாக்கு மரத்துப்போனது. கண்ணாடியை விட்டு ஒவ்வொரு பல்லாகப் பார்த்தார்.

"இது சொத்தைப் பல் இல்ல. தூக்கத்துல கடிச்சுக் கடிச்சு நீயா விரிசல் விட்டது. எல்லாப் பல்லும் தேஞ்சிருக்கு. எதையோ நெனச்சு நீ ரொம்பப் பயப்படுற. எதுக்குப் பயம்?"

"ஆ... ஆ..." என்றேன்.

"பிபிக் சொல்றாங்க, என்னை மாதிரி வாடகைக்காரர் கிடைக்காதாம். மாசம் தவறாம நூற்றிருபது வருதாம். நான் கொடுக்கிறது எண்பது. மீதி நாற்பது எங்கேயிருந்து வருது? கவர்மெண்டா? கவர்மெண்டுன்னா வலது கையைத் தூக்கு."

நான் தூக்கவில்லை.

"நீயா? நீன்னா இடது கையைத் தூக்கு."

ஆயிஷா வாயைப் பொத்திக்கொண்டாள். என் இடது கை எழுந்தது. கூடவே கண்ணீர் இரண்டு காதுக்குள்ளும் வழிந்தது. வேலை போச்சு, சாரதா போச்சு, எல்லாம் போச்சு என்று அந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே அழுதேன். அவர் பல்லைப் பிடுங்கிவிட்டு, பிபிக்கையும் என்னையும் தன் காரில் ஏற்றினார்.

காஜா பேராங் கூடத்தில் மறுபடியும் அதே மூன்று பேர். இந்தத் தடவை மொழிபெயர்ப்பாளனுக்கும் வாயில் பஞ்சு, வீட்டுக்காரிக்கும் வாயில் பஞ்சு. பேசக்கூடிய ஒரே ஆள் டாக்டர்தான். அவர் பல் எண்ணிக் கற்ற மலாயில், விரலை நீட்டி, என்னைக் காட்டி, உறையைக் காட்டி, காலி வயிற்றைத் தட்டிக் காட்டி முழுக் கதையையும் சொல்லி முடித்தார். பிபிக் பஞ்சைத் துப்பினார். அந்தக் கோபத்தை நான் வேறு எந்த மனிதரிடமும் பார்த்ததில்லை.

"அன்னைக்கே சொல்ல வாயெடுத்தேன்! நம்ம ஆளுக்கு அறுபத்தஞ்சுதான் வாடகைன்னு சொல்ல வந்தவளை வாயை அடைச்சான் இந்தச் சண்டாளன்!"

அறுபத்தைந்து. டாக்டர் கொடுத்ததே அதிகம். என் நாற்பது வெறும் தண்டம். ஐந்து மாதம் நான் பட்டினி கிடந்தது யாருக்கும் வேண்டாத ஒரு காரியத்துக்கு! டாக்டர் தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. ஒரு பக்கம் மரத்த வாயிலிருந்து இரண்டுக்கும் நடுவில் எச்சில் ஒழுகிக்கொண்டிருந்தது. டாக்டரிடம் கூடுதலாக வாங்கியதைப் பிபிக் அப்போதே எடுத்துக் கொடுத்தார். என் இருநூறைத் தரமாட்டேன் என்றார். "அது மாரியம்மா முன்னால பொய் சொன்னதுக்கு அபராதம். நாளையிலிருந்து மத்தியானம் இங்க வந்து சாப்பிடு. எலும்பும் தோலுமா என் வாசல்ல நிக்காதே." கல்யாணம் வரைக்கும் அப்படித்தான் சாப்பிட்டேன். அந்தச் சம்பால் துவையலின் காரத்துக்கு முதல் வாரம் இன்னொரு தடவை அழுதேன்.

ஆனாலும் பயம் விடவில்லை. அறிக்கை இன்னும் எழுதவில்லையே. ஆறாம் மாதம் முடிந்த அன்று டாக்டர் கையால் எழுதிய ஒரு தாளை என் மேசையில் வைத்தார். "டைப் அடிச்சுக் கொண்டு வா. ரகசியம், யாருக்கும் தெரியக்கூடாது" என்றார். என்னைப் பற்றிய ரகசிய அறிக்கை. அதை அடிக்கப்போவது நான். கார்பன் தாளை வைத்து, ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினேன். வேலையில் சுறுசுறுப்பு, நேரம் தவறாமை, ஆங்கில அறிவு போதுமானது. பிறகு நேர்மை என்ற தலைப்பு வந்தது. அதன் கீழே எழுதியிருந்தது இது:

"இவர் பொய் சொல்வார். ஆனால் அதற்கு ஆகும் செலவு முழுவதையும் தாமே ஏற்றுக்கொள்வார். அரசாங்கப் பணத்தை இவரிடம் பயமில்லாமல் ஒப்படைக்கலாம். நிரந்தரமாக்கும்படி பரிந்துரைக்கிறேன்."

நிரந்தரமானேன். சாரதாவின் அப்பா லெட்டரை இரண்டு தடவை படித்துவிட்டு மறுநாளே தேதி வைத்தார். அறிக்கையின் கார்பன் நகலை மட்டும் நான் கிழித்துப் போடாமல் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். கல்யாணமான மூன்றாம் நாள் அது துவைக்கிற கல்லில் சாரதாவின் கையில் சிக்கியது. அவளுக்கு இங்கிலீஷ் நன்றாகவே தெரியும்.

அன்றிலிருந்து பொய் வாடை அடித்தால் எங்கள் வீட்டில் ஒரே ஒரு கேள்விதான். ஆபீசில் வேலை அதிகம் என்று நான் தாமதமாக வந்தாலும், பரீட்சை சுலபம் என்று மகன் சொன்னாலும், தலைவலி என்று மருமகள் படுத்தாலும், சாரதா முகத்தைப் பார்த்து அதையேதான் கேட்பாள். இப்போது பேரப்பிள்ளைகளும் கேட்கிறார்கள். போன வாரம் பரிசோதனைக்குப் போய்விட்டு வந்து, "சர்க்கரை குறைஞ்சிடுச்சாம், இனிமே ஒண்ணு ரெண்டு லட்டு சாப்பிடலாம்னு டாக்டரே சொல்லிட்டார்" என்றேன்.

"அப்படியா? இது யார் செலவுல?" என்று கேட்டுக்கொண்டே சாரதா லட்டு டப்பாவை எடுத்து மேல் அலமாரியில் வைத்தாள்.